நான் நீக்கிய பதினொரு நாட்கள்

போன மாதம் அஞ்சலி போன் செய்தாள். நான் ஓய்வு பெறும்வரை எனக்கு அடுத்த மேசையில் இருந்தவள், இப்போது எங்கள் புள்ளியியல் பிரிவுக்கே பொறுப்பு. மலையாளம் கலந்த தமிழ் பேசுவாள். குரலில் கல்யாண வீட்டுக் குதூகலம்.

"மேடம், புது சாஃப்ட்வேர் வந்தாச்சு, கேட்டோ. ரிக்ரஷன் போடும்போது ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கிட்டு நிக்கற வேரியபிள் எதாவது இருந்தா அதுவே கண்டுபிடிச்சுத் தூக்கிடும். நமக்கு ஒரு பணியும் இல்ல. அந்த ரூல் யாரோடதுன்னு அறியாமோ? நம்ம கைப்புத்தகத்துல இருக்கிற மேடத்தோட ரூல்தான்!"

நான் பெருமைப்படுவேன் என்று நினைத்தாள், பாவம். "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அன்று குழம்பில் இரண்டு தடவை உப்பு விழுந்தது. என் கணவர் மோரை நிறைய விட்டுக்கொண்டு சாப்பிட்டு எழுந்தார்.

அந்த விதி என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குக் கீழே இரண்டாவது வரி ஒன்று உண்டு. அதையும் எழுதியது நான்தான். சாஃப்ட்வேர் செய்தவர்கள் முதல் வரியை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டார்கள். முதல் வரி எனக்குச் சுலபமாக வந்தது. இரண்டாவது அப்படி வரவில்லை. எப்படி வந்தது என்று சொல்லி வைக்கலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் திருவனந்தபுரத்துக் கரமனைக்காரி. கணக்கு எனக்குச் சின்ன வயதிலேயே வசப்பட்டது. புள்ளியியல் படித்தேன், பரீட்சை எழுதினேன், திருவனந்தபுரத்திலேயே அரசு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. முதல் சில வருடங்கள் கைப்பிடியைச் சுழற்றிக் கூட்டும் இயந்திரத்தோடு போயிற்று. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. பெரியவர்கள் அதைப் பார்த்து ஒதுங்கி நின்றபோது நான் முதலில் போய் உட்கார்ந்தேன். ஆகவே எங்கள் பிரிவுக்குக் கைப்புத்தகம் எழுதும் வேலையும் என் தலையில் விழுந்தது. தலையில் விழுந்தது என்பது பேச்சுக்கு. உண்மையில் நானாகத்தான் இழுத்துப் போட்டுக்கொண்டேன். எனக்குத் தலைக்கனம் உண்டு, அப்போது இன்னும் அதிகம்.

ரிக்ரஷன் என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு விளைவு இருக்கிறது, அதற்குக் காரணமாகக் கூடியவை நாலைந்து இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வதுதான் அதன் வேலை. அந்தக் காரணங்களை மாறிகள் என்போம். இதில் ஒரே ஒரு வில்லங்கம், சில காரணங்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரியாமல் கைகோத்துக்கொண்டே வரும்.

எங்கள் வீட்டில் அப்பாவின் தங்கைகள் இரண்டு பேர், எனக்கு அத்தைகள். எப்போதும் சேர்ந்துதான் சமைப்பார்கள். ரசம் அமிர்தமாக இருக்கும். யார் கைமணம் என்று கேட்டால் இருவருமே தன்னுடையது என்பார்கள். "அவ ஒரு நாள் ஊருக்குப் போகட்டும்டி, அப்போ தெரியும் யார் ரசம்னு" என்று பெரிய அத்தை என் காதில் சொல்வாள். சின்ன அத்தையும் தனியாக அதையே சொல்வாள். இரண்டு பேரும் ஊருக்குப் போனதேயில்லை, கேள்வியும் தீர்ந்ததில்லை. ஒட்டி வரும் மாறிகளின் சங்கடம் முழுவதும் அந்தச் சமையலறையில் இருந்தது. எனக்குத்தான் அப்போது தெரியவில்லை.

ஒரு மாறியை மற்ற மாறிகளை வைத்தே எவ்வளவு தூரம் ஊகித்துவிடலாம் என்று அளக்கும் எண் ஒன்று உண்டு. வி.ஐ.எஃப். என்போம். அது பத்தைத் தாண்டினால் ஆபத்து என்பது எங்கள் தொழிலில் பொதுவான பேச்சு. கைப்புத்தகத்தில் நான் எழுதியது இதுதான்: 'பத்தைத் தாண்டினால் ஒட்டி நிற்கும் மாறிகளில் ஒன்றை நீக்குக.' எதை நீக்குவது, நீக்கினால் யார் தலையில் விடியும் என்றெல்லாம் அதில் இல்லை.

எனக்கு மேலதிகாரி பாஸ்கரன் சார். நெய்யாற்றின்கரைக்காரர், மனைவி நாகர்கோவில். ஆகையால் என்னிடம் பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகப் பேசுவார். அவர் ஒருபோதும் யாரையும் திட்டியதில்லை, தப்பு என்று சொன்னதும் இல்லை. காகிதத்தைத் திருப்பித் தந்து, "போய் ஒரு சாயா குடிச்சிட்டு வா" என்பார். அவ்வளவுதான். அலுவலகத்தில் அந்த வாக்கியத்துக்கு என்ன பொருள் என்று பியூன் வரை தெரியும். ஒரே வாரத்தில் மூன்று சாயா குடித்தவர்கள் இடமாற்றம் கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள்.

அவர் ரிக்ரஷன் முடிவைப் படிப்பதே ஒரு சடங்கு. மேசை இழுப்பறையிலிருந்து எஃகு ஸ்கேலை எடுப்பார், கைக்குட்டையால் துடைப்பார். ஒவ்வொரு காரணத்துக்கும் நேராக இரண்டு எண் இருக்கும். இவ்வளவு பங்கு என்பது ஒன்று, அந்தக் கணிப்பு எவ்வளவு தடுமாறும் என்பது இன்னொன்று. முதல் வரிசை முழுவதையும் ஸ்கேலால் மூடிவிட்டு இரண்டாவதை மட்டும் மேலிருந்து கீழே படிப்பார்.

"பெரிய எண்ணைப் பார்த்தா நமக்கு ஆசை வரும், விசாலம். ஆசை வந்தா பின்னே கண்ணு காணாது" என்பார்.

படித்து முடித்ததும் தரவுத் தாளில் கண்ணை மூடிக்கொண்டு பத்து வரிகளைப் பென்சிலால் அடிப்பார். அந்தப் பத்தும் இல்லாமல் மறுபடி போட்டுவா என்பார். பத்து வரி விலகியதற்கே கூட்டல் குறி கழித்தல் குறியாகிவிட்டால் அந்தக் கணிப்பை நம்பக் கூடாது. மற்றவர்கள் இதைக் கிழவரின் கிறுக்கு என்றார்கள். நானும் சிரித்தவள்தான்.

இனி வழக்குக்கு வருகிறேன். மலையில் ஒரு தேயிலைத் தோட்டம், பெயர் வேண்டாம். அங்கே கொழுந்து வரவு குறைந்துவிட்டது. என்ன காரணம் என்று ஆராய்ந்து சொல்லும்படி நிர்வாகம் மேலிடம் வழியாக எங்களைக் கேட்டது. கேட்கும்போதே பதிலும் அவர்கள் கையில் இருந்தது. ஐம்பது வயது தாண்டிய பெண்கள் குறைவாகக் கிள்ளுகிறார்கள், அவர்களைக் கொழுந்துப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்பதுதான் அது. அப்படி முப்பத்து நான்கு பெயர்கள் இருந்தன. பட்டியலில் பெயர் இருந்தால்தான் லயத்தில் வீடு. பெயர் போனால் வரிசை வீட்டின் அந்த ஒற்றை அறையும் போய்விடும்.

ஒரு வருடப் பதிவேடு வந்தது. நாள், பெயர், எந்தக் காடு, எத்தனை கிலோ, குறிப்பு என்று அழகாகக் கட்டம் போட்டிருந்தார்கள். தேயிலை நிற்கும் பகுதிகளை அங்கே காடு என்றுதான் சொல்வார்கள். நான் முதலில் தரவைச் சுத்தம் செய்தேன். சுத்தம் செய்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று பெயர். குறிப்புக் கட்டத்தில் ஹர்த்தால், இழவு, பெருமழை என்றெல்லாம் எழுதியிருந்த நாட்களை வழக்கத்துக்கு மாறானவை என்று எடுத்துவிட்டேன். ஓரிடத்தில் தொடர்ச்சியாகப் பதினொரு நாளுக்கு எதிரே 'ஆனை' என்று ஒரே வார்த்தை இருந்தது. சிரித்துக்கொண்டே அதையும் எடுத்தேன்.

பிறகு கணக்கைப் போட்டேன். தொழிலாளியின் வயது, தேயிலைச் செடியின் வயது, மழை, நடந்து போகும் தூரம் ஆகியவை மாறிகள். ஆளின் வயதும் செடியின் வயதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. வி.ஐ.எஃப். பத்தை எப்போதோ தாண்டிவிட்டது. என் விதியை நானே பின்பற்ற வேண்டாமா? ஆளின் வயது பதிவேட்டில் துல்லியமாக இருந்தது, செடியின் வயது தோராயம். ஆகவே செடியை நீக்கினேன். கணக்கு பளிச்சென்று ஆயிற்று. வயது கூடக் கூடக் கொழுந்து குறைகிறது, தடுமாற்றமே இல்லை. அறிக்கையைத் தட்டச்சு செய்து, கையெழுத்தும் போட்டு, சாரிடம் கொண்டுபோனேன். அவர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

சார் ஸ்கேலைத் துடைத்தார். படித்தார். பத்து வரியை அடிக்கப் பென்சிலை எடுத்தவர் கீழே வைத்துவிட்டார்.

"இது நீக்கின பின்னே உள்ளது. நீக்கும் முன்னே உள்ளது எவிடே?"

எடுத்துக் காட்டினேன்.

"யாரை நிறுத்தினே, யாரை வெளியே விட்டே?"

"ஆளோட வயசை நிறுத்தினேன் சார். செடியோட வயசை விட்டுட்டேன்."

"வெளியே போனவன் சும்மா போவானா? தான் செஞ்ச குத்தத்தை எல்லாம் உள்ளே நிக்கறவன் தலையில வெச்சிட்டுத்தான் போவான். சரியல்லே?"

"அவங்க கேட்டது வயசைப் பத்தித்தானே சார்?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு, விசாலம். கேட்டதையே பதிலாச் சொல்லாதே." காகிதத்தை என் பக்கம் தள்ளினார். "இந்த ரெண்டு வயசும் எதுக்கு ஒட்டிக்கிட்டு நிக்குது? செடிக்கு வயசானா ஆளுக்கு வயசாகணும்னு சட்டமா? போய்ப் பாரு. பட்சே அதுக்கு முன்னாடி ஒரு சாயா குடிச்சிட்டு வா."

எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகைதான். கையெழுத்துப் போட்ட அறிக்கையைப் பையில் திணித்துக்கொண்டு மறுநாள் காலை மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். அவர் சொன்னது வீண் வேலை என்று நிரூபிக்கத்தான் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அங்கேதான் மரியபுஷ்பத்தைப் பார்த்தேன். ஐம்பத்தாறு வயது, தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். நிர்வாகத்தின் பட்டியலில் முதல் பெயர் அவருடையது. கீழ்க்காட்டில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தார். விரல்கள் ஓடிய வேகத்தைப் பார்க்கப் பார்க்க என் அறிக்கை பையில் கனத்தது.

"நீங்க எப்பவும் இந்தக் காட்டுலதானா?"

"பின்ன? மூத்த பேருக்கு முதல் காடு. இது இங்கத்த முறை. சின்னப் பிள்ளைய எல்லாம் மேல ஏறிப் போவும். நாங்க இங்கன. லயம் பக்கம், தண்ணி பக்கம், ஏத்தம் கெடையாது. நானும் பத்துப் பதினஞ்சு வருசம் மேல ஏறி எறங்கினவதான். அந்த மரியாதைக்குத்தான் இது."

"இந்தச் செடிகளுக்கு என்ன வயசு இருக்கும்?"

அவர் சிரித்தார். "முதல் காடுன்னா சும்மாவா? தோட்டத்துல முதல்ல நட்டது இதுதான். எங்க மாமியாருக்கு மாமியாரு நட்டது. கம்பா நிக்கும், துளிரு வராது. மேக்காடு புதுசு, அங்க அள்ளலாம்."

எனக்கு விளங்கிவிட்டது. மூத்தவர்களுக்கு மரியாதை செய்து பக்கத்துக் காட்டைக் கொடுத்தார்கள். அந்தக் காட்டில் இருப்பதோ கிழட்டுச் செடி. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதை நான் கம்ப்யூட்டரில் போட்டுக் கையெழுத்தும் வைத்திருந்தேன். ஆனால் விளங்கினால் போதுமா, காட்ட வேண்டாமா? வயதான பெண் ஒருத்திகூட மேலே போனதில்லை என்றால் எதை வைத்துப் பிரிப்பது? அத்தைகள் ஊருக்குப் போகாத சமையலறை மறுபடியும் வந்து நின்றது.

"நீங்க எல்லாரும் மேக்காட்டுக்குப் போனதே இல்லையா? ஒரு நாள்கூட?"

"போனோம்லா, மழை முடிஞ்ச சமயம். கீழ ஓடையில ஆனை வந்து நின்னுட்டு. குட்டி வேற. அது போற வரைக்கும் எல்லாரையும் மேலதான் அனுப்பினாவ. ஒரு பத்துப் பன்னெண்டு நாளு."

பதினொரு நாள் என்று என் வாய் தானாகச் சொன்னது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பதைக் கேட்டிருக்கிறேன். ஆனையாலேயே எனக்கு அடி சறுக்கியதை அங்கேதான் கண்டேன். அந்த ஒரு வருடத்தில் ஆளின் வயதும் செடியின் வயதும் பிரிந்து நின்றது அந்தப் பதினொரு நாள்தான். சுத்தம் என்று சொல்லி நான் குப்பையில் போட்டது அந்தப் பதினொன்றைத்தான். வெட்கமாக இருந்தது. பஸ் மலை இறங்கும் வரை பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் அலுவலகம் திறந்ததும் பதிவேட்டின் நகலைப் பிரித்து அந்த நாட்களைத் திரும்பச் சேர்த்தேன். ஒரே காடு, ஒரே நாள், கிழவியும் குமரியும் அருகருகே. எடையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மரியபுஷ்பம் நாலு நாள் எல்லாரையும் முந்தியிருந்தார். இரண்டு வயதையும் சேர்த்துப் போட்ட கணக்கில் தடுமாற்றம் பாதியாக இறங்கியது. பழி செடியின் பக்கம் போயிற்று.

சாரிடம் ஓடினேன். அவர் ஸ்கேலால் மூடிப் படித்து, பத்து வரியை அடித்து, மறுபடி போட வைத்து, அதையும் படித்தார். முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. ஆனாலும் விடவில்லை.

"ஆனையை மட்டும் சாட்சிக்கு விளிச்சா கோர்ட்டு நம்புமோ? பயத்துல எல்லாரும் மெள்ளக் கிள்ளினாங்கன்னு மேனேஜர் சொல்லுவான். ஆனை இல்லாத சாட்சியும் வேணும்."

ஆகவே நிர்வாகத்திடம் இரண்டு வாரம் கேட்டோம். எந்தப் பெண் எந்தக் காடு என்று தினமும் காலையில் சீட்டுக் குலுக்கிப் போடுவது. மேனேஜர் அரை மனதோடு ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொள்ளாதவர் மரியபுஷ்பம்.

"எனக்கு மேல போவ முடியாதுன்னு சொல்லல. ஆனா முதல் காடு என் முறை. அத விட்டுட்டுச் சின்னப் பிள்ளைய கூடச் சீட்டுக்கு நிக்கவா? நாளைக்கு அதையே முறையாக்கிட்டா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளதைச் சொன்னேன். "முறையை விடலேன்னா வீடு போயிடும். நீங்க மேலே போய்க் கிள்ளிக் காட்டினா மட்டும்தான் நான் எழுத முடியும். எனக்கு வேற வழி தெரியலை."

அவர் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "சீட்ட எடுங்க" என்றார். மற்ற முப்பத்து மூன்று பேரும் அவர் பின்னால் வந்து நின்றார்கள்.

இரண்டு வாரச் சீட்டுக் கணக்கும் ஆனை சொன்னதையே சொன்னது. அறிக்கை போயிற்று. சார் கையெழுத்துப் போடும்போது சாயா குடிக்கச் சொல்லவில்லை, அவரே வாங்கித் தந்தார். கீழ்க்காட்டைப் பகுதி பகுதியாகப் பிடுங்கிப் புதிதாக நடுவதென்று நிர்வாகம் முடிவு செய்தது. முப்பத்து நான்கு பெயரும் பட்டியலில் அப்படியே நின்றன.

அதற்குப் பிறகுதான் கைப்புத்தகத்தில் இரண்டாவது வரியை எழுதினேன்: 'நீக்குமுன், இரண்டும் பிரிந்து நின்ற நாள் உண்டா என்று தேடுக, இல்லையெனில், பிரித்துச் சொல்ல இயலாது என்று எழுதுக.' அந்த 'இயலாது' எனக்கு நல்ல பெயர் வாங்கித் தரவில்லை. இதைச் சொல்லவா உங்களுக்குச் சம்பளம் என்று பெரிய நாற்காலிகளிலிருந்து கேட்டார்கள். ஆமாம், இதைச் சொல்லவும்தான் என்று பதில் சொன்னேன். வாய் எனக்கு எப்போதும் கொஞ்சம் நீளம்.

நேற்று அஞ்சலியைக் கூப்பிட்டு இவ்வளவையும் சொன்னேன். "சாஃப்ட்வேர்ல அதுக்குப் பட்டன் இல்லையே மேடம்" என்றாள்.

"பட்டன் இல்லேன்னா கையால எழுது."

"முதல் பாதி மனசிலாச்சு, தேடணும். ரெண்டாவது பாதி எதுக்கு மேடம்? உங்களுக்குத்தான் ஆனை கிடைச்சுதே?"

சாரிடம்கூடச் சொல்லாத ஒன்றை அவளிடம் அப்போது சொன்னேன். முடிவைச் சொல்ல நான் மறுபடி மலைக்குப் போயிருந்தேன். "பேர் அப்படியே இருக்கு, வீட்டுக்கு ஒண்ணும் இல்லை" என்றதும் மரியபுஷ்பம் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். தலைத்துணியை அவிழ்த்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். எனக்கும் கண் நிறைந்தது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஒண்ணு கேக்கட்டா? அந்த ஆனை வராட்டி என்ன எழுதியிருப்பிய?"

"தெரியாதுன்னு எழுதியிருப்பேன்" என்றேன், யோசிக்காமல்.

"நல்லது" என்று தலையாட்டினார். நம்பிவிட்டார்.

அவர் என் கையைப் பிடித்தபோது தோளில் பை தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் அந்தப் பழைய அறிக்கை இன்னும் இருந்தது, வயதே காரணம் என்று, கீழே என் கையெழுத்தோடு. அன்று அவரிடம் சொன்ன பொய்யை மெய்யாக்கத்தான் மிச்சமிருந்த சர்வீஸ் முழுவதும் 'இயலாது' என்று எழுதிக்கொண்டிருந்தேன்.